கொக்கியில் துண்டு

அந்தக் கோடையில் எங்கள் கடைத்தெருவில் நிழலுக்கு விலை வந்துவிட்டது. ஒரு நாற்காலி அகல நிழல், மணிக்கு ஒரு டீ. விற்றவர் குடை ரிப்பேர்காரர். கம்பி போன குடைகளின் துணிகளை ஒன்றோடொன்று தைத்து, நாலு இரும்புக் குழாயில் கட்டி, அடியில் ஐந்து நாற்காலி போட்டுவிட்டார். முதல் நாள் சிரித்தோம். மூன்றாம் நாள் இடம் சொல்லி வைத்தோம். எந்தப் பொருளுக்கும் சொன்ன விலையில் பாதி கேட்பது எங்கள் தெருவின் வளர்ப்பு. நிழலுக்கும் ஒருவர் பாதி கேட்டார். குடைக்காரர் கேட்டவருடைய நாற்காலியைப் பாதி வெயிலுக்கு இழுத்துப் போட்டார்.

கடை ஷட்டரைத் துணி சுற்றாமல் தூக்க முடியவில்லை. தார் ரோடு செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் யோசித்துத்தான் விட்டது. எடைக்கற்கள் கையைச் சுட்டதால் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைத்தோம். தட்டில் வைக்கும் முன் துடைக்க மட்டும் மறந்ததில்லை, ஈரமும் எடைதானே. மதியத்தில் சோறு இறங்கவில்லை. வெள்ளரிக்காய், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி. அதைத் தின்றுவிட்டு ஈரத் தரையில் முதுகைப் போட்டால் தரை காய்வதற்குள் தூங்கிவிட வேண்டும். அதுவும் ஒரு பந்தயம்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் யாராவது அவசரமாகக் கடையைப் பூட்டினாலும், பேச்சை வெடுக்கென்று முடித்தாலும், பக்கத்தில் இருப்பவர் “துண்டு தொங்குதா பாத்தியா?” என்று கேட்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சொல் பிறந்த பகலில் இங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தெருக்கோடியில் ஐஸ் கிடங்கு இருக்கிறது. ஒரு முழத்துக்கு மரத்தூள் அடைத்த சுவர், அதே மாதிரி அடைத்துத் தகரம் போர்த்திய கனத்த கதவு, ஜன்னல் கிடையாது. கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். உள்பக்கக் கைப்பிடி கழன்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அடுத்த மாசம் போட்டுவிடலாம் என்று இருபத்துநாலு முறை பேசி முடித்திருந்தார்கள். கைப்பிடிக்குப் பதிலாக ஒரு வழக்கம் வந்தது. உள்ளே போகிறவன் தன் துண்டைக் கதவோரக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வருகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். துண்டு தொங்கினால் பூட்டக் கூடாது. கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான். அதைவிடச் சுத்தமான கணக்கு எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் கிடையாது.

அங்கே ஐஸ் பார் தூக்குகிறவனுக்குத் ‘தெரியுமா’ என்று பெயர். ஊசி போல ஒல்லி. ஆனால் ஐஸ் பாரைத் தோளில் வைத்தால் இறக்கும்வரை வாய் ஓயாது. வழக்கில் இருக்கிற எந்தச் சொல்லுக்கும் அவனிடம் ஒரு பிறப்புக் கதை உண்டு.

“காத்து வாங்கப் போறேன்னு சொல்றோமே, ஏன் தெரியுமா? ஒரு காலத்துல காத்தையும் காசுக்கு வித்திருக்கான். இவரோட தாத்தாவாத்தான் இருக்கும்” என்று குடைக்காரரைக் காட்டுவான்.

“அப்ப ஐஸ் வைக்கிறதுன்னு சொல்றாங்களே?” என்பார் டீக்கடைக்காரர்.

“மீனு நாறப் போகுதுன்னா ஐஸ் வைப்பாங்க இல்ல? அதேதான். நாறப் போற ஆளுக்குத்தான் ஐஸ் வைக்கணும். நல்லவனுக்கு எதுக்குங்க?”

“ரம்பம் போடறான்னு உன்னைச் சொல்றமே, அது?”

“அது எங்க கிடங்குலயே பொறந்தது. ஒரு பாரை அறுக்கக் கால் மணி நேரம். அவ்வளவு நேரம் பேசாம அறுக்கறதுக்கு நான் என்ன மெஷினா?”

எல்லாம் சுத்தப் பொய். ஆனால் வேறு யாரும் உண்மையைக் கொண்டுவந்து விற்கவில்லை. அதனால் அவன் சரக்குத்தான் ஓடியது.

அவன் மனைவி வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். பொத்தான்காரி. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு வயதுப் பெண் குழந்தை. அந்த அறையில் நண்பகலுக்கு மேல் ஊசியே சுடும். தண்ணீர்க் கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்துத்தான் தைப்பாள். நாலு நாளாகக் குழந்தை சாப்பிடாமல், அழாமல், கண்ணை அரைவாசி மூடிக் கிடந்தது. அழாதது அவளைப் பயமுறுத்தியது.

சம்பவத்தன்று பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கிடங்கின் மெஷின் நின்றது. ஆஸ்பத்திரியில் வெயில் அடித்து விழுந்தவர்களைத் தாழ்வாரத்தில் எல்லாம் படுக்க வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு எண்பது பார் வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று ஆள் விட்டிருந்தார்கள். வெளியூர் போயிருந்த முதலாளி போனில் உத்தரவு போட்டார்: பன்னிரண்டு மணிச் சரக்கை ஏற்றியதும் கதவைப் பூட்டு. ஆறு வரை யார் வந்து கேட்டாலும் திறக்காதே. கதவு ஒரு முறை திறந்தால் உள்ளே போகிற அனல் எத்தனை பாரைத் தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும்.

சாவி, கிடங்குக் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது. இருபது வருஷமாக ஒரு சொல்லும் மீறாத மனிதர். கல்யாணத்துக்கே முதலாளியிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாராம்.

பன்னிரண்டேகாலுக்குப் பொத்தான்காரியின் தம்பி வீட்டுக்கு வந்தான். கைவண்டி இழுக்கிறவன். ‘அவசரம்’ என்று அவனுக்குப் பெயர்.

“அக்கா, இந்தா. பாப்பா தலையில சுத்து. என்ன ஜில்லுன்னு இருக்கு பாரு!”

ஈரத் துண்டு. விளிம்பில் நீலக் கோடு. தொட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. குழந்தையின் தலையைச் சுற்றிக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டது. அரை டம்ளர் குடித்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

“உங்க அத்தான் எங்கடா?”

“சரக்கு ஏத்தி முடிச்சாச்சு. கடைசி பாரோட வெளிய வந்தாரு, பாத்தேன். வருவாரு.”

தம்பி வெள்ளரிக்காயைக் கடித்தபடியே தரையில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவள் ஒரு டஜன் சட்டை முடித்தாள். ஒரு மணி ஆனது. புருஷன் வரவில்லை. குடைக்காரர் நிழலில் ஐந்தாவது நாற்காலியில் உட்கார்ந்து எவனுக்காவது எந்தச் சொல்லுக்காவது ஜாதகம் எழுதிக்கொண்டிருப்பான் என்று திட்டிக்கொண்டே அடுத்த டஜனை எடுத்தாள். இரண்டு மணி ஆனது. துண்டு காய்ந்துவிட்டது. திரும்ப நனைக்க அவிழ்த்தவள், நீலக் கோட்டின் ஓரத்தில் தன் கையால் போட்ட தையலைப் பார்த்தாள்.

“டேய்! எழுந்திரு. இது அவரோட துண்டுதானே?”

“ம்.”

“அவர் குடுத்தாரா?”

“இல்லக்கா. கொக்கியில இருந்துச்சு.”

அவள் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்தது. ஒரு பொத்தானைக் கூடக் கீழே விடாதவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“எந்தக் கொக்கியில?”

“கிடங்குக் கொக்கியிலதான்… அவர் வெளிய வந்ததை நான் என் கண்ணால பாத்தேன்க்கா. மறந்து விட்டுட்டுப் போயிருக்காருன்னு நெனச்சேன். பாப்பாவுக்கு ஆகுமேன்னு…”

“வெளிய வந்தவரு திரும்ப உள்ள போகலன்னு யாரு சொன்னா?”

வேலை முடிந்ததும் இரண்டு நிமிஷம் குளிருக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வருவது அந்த வெயிலில் எல்லாச் சுமைக்காரர்களும் செய்கிற காரியம். கூலியில் சேராத கூலி. தம்பியின் முகம் மெல்ல வெளுத்தது.

குழந்தையைப் பக்கத்து அறைக்காரியின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். செருப்புப் போடத் தோன்றவில்லை. தாரில் நாலு எட்டு, சுவரோர நிழலில் இரண்டு எட்டு, மறுபடி தாரில். நாங்கள் கடைக்குள்ளிருந்து பார்த்தோம். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய்கூட ஓடாது. ஏதோ நடந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. கடைக்கு ஒருவராக இறங்கி அவள் பின்னால் போனோம்.

கணக்குப்பிள்ளை கிடங்கு வாசலில், ஈரக் கோணியைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, கதவைத் தொறங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு.”

“யாரு சொன்னா?”

“துண்டு கொக்கியில இருந்திருக்கு. என் தம்பி தெரியாம எடுத்துட்டான்.”

அவர் எழுந்து நின்றார். கொக்கியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

“நான் பூட்டறப்ப கொக்கி காலிம்மா. பாத்துட்டுத்தான் பூட்டினேன். உள்ளகூடக் குரல் குடுத்தேன்.”

“பதில் வந்துச்சா?”

“வரல. அதனாலதான் பூட்டினேன்.”

“மரத்தூள் மூட்டைக்குப் பின்னால கண்ணசந்து உக்காந்திருந்தா? நாலு நாளா அந்த மனுஷன் தூங்கலைங்க ஐயா. ராத்திரி பூரா புள்ளைக்கு விசிறிட்டே இருக்காரு.”

கணக்குப்பிள்ளை சட்டைப் பையின் மேல் கையை வைத்தார். சாவி அங்கேதான் இருந்தது.

“அவன் உள்ள இல்லன்னு வை. நான் தொறந்துட்டேன். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருது. பார் குறையுது. அங்க யாருக்காவது ஒண்ணுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

டீக்கடைக்காரர் முன்னால் வந்தார். “அட, ஒரு மணிக்குக்கூட என் கடையில நின்னுட்டிருந்தானே!”

“இன்னிக்கா?” என்று கேட்டாள் அவள்.

“இன்னிக்குத்தான்… இல்ல, நேத்தா? எல்லா நாளும் ஒரே மாதிரி எரியுது, தாயி. எனக்குச் சொல்லத் தெரியல.”

அவள் கதவில் காதை வைத்தாள். தகரம் சுட்டதும் காதை எடுத்தாள், மறுபடி வைத்தாள். பார் இழுக்கும் இரும்புக் கொக்கியால் தம்பி கதவை ஓங்கி அடித்தான். எல்லோரும் மூச்சை அடக்கினோம். உள்ளேயிருந்து ஒன்றுமில்லை.

“பாத்தியா, சத்தமே இல்ல” என்றார் கணக்குப்பிள்ளை. அவருக்கும் பயம்தான், எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

“அதாங்க எனக்குப் பயமா இருக்கு. அந்த மனுஷன் சத்தமில்லாம இருந்ததே இல்ல.”

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பூட்டை உடைக்க அங்கே ஆள் இல்லாமல் இல்லை. சுத்தியல் பத்தடித் தூரத்தில் கிடந்தது. ஆனால் நின்ற எங்களில் பாதிப் பேரின் வீட்டு ஆட்கள் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்திருந்தார்கள். விலை போட்டே வளர்ந்த மனசு. கதவு திறந்தால் எத்தனை பார் கரையும், அது எத்தனை பேர் நெற்றிக்கு ஆகிற ஐஸ் என்று தன்பாட்டில் பெருக்கிக் கொண்டிருந்தது. அது பெருக்குவது எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்றவருக்கும் அவருடையது கேட்டிருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குடைக்காரர்தான் வாய்விட்டுச் சொன்னார். “என் வீட்டுக்காரி அங்கதான் கெடக்குறா. காலையில என்னையே யாருன்னு கேட்டா.”

அவர் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. பொத்தான்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரிடமும் தப்பு இல்லை. அதுதான் அங்கே இருந்ததில் பயங்கரமானது.

“அண்ணே, அவங்களுக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது. நான் வேண்டாம்னு சொல்வேனா? ஆனா இங்க ஒருத்தர் இருக்காரே அண்ணே.”

“இருக்காரான்னு தெரியலையேம்மா.”

“ஐயா” என்று அவள் கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். அழுகையை எங்கேயோ வைத்துப் பூட்டிய முகம். “துண்டு தொங்கினா பூட்டக் கூடாது. இது யாரு போட்ட சட்டம்?”

“நான்தான் போட்டேன்.”

“யாராவது மீறியிருக்காங்களா?”

“ஒருத்தரும் மீறினதில்ல. நானும் மீறினதில்ல.”

அவள் கையிலிருந்த துண்டை உதறினாள். அது வரைக்கும் அது அவள் கையில் இருந்ததையே நாங்கள் கவனிக்கவில்லை. கொக்கியில் மாட்டினாள். விளிம்பை இழுத்து நேராக்கினாள்.

“இப்பத் தொங்குது. உங்க பூட்டு கதவுல இருக்கு. தப்பு யாரு பேர்ல?”

கணக்குப்பிள்ளை துண்டைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கொக்கியில் ஒரு துண்டும் கதவில் ஒரு பூட்டும் ஒன்றாக இருந்தன. முதலாளியின் உத்தரவுக்கு எதிராக அவரால் கையை நீட்ட முடியாது. தன் சட்டத்துக்கு எதிராகவும் முடியாது. எது மூத்தது என்று பார்த்தார் போல. பையிலிருந்து சாவியை எடுத்தார். சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க!” என்று கத்தினார் குடைக்காரர். எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஓடினார்; குழாயிலிருந்து குடைத்துணி முழுவதையும் அறுத்து இழுத்து வந்தார். வாளித் தண்ணீரை அதில் கொட்டினோம். ஆளுக்கு ஒரு மூலை பிடித்துக் கதவை மறைத்துத் திரையாக நின்றோம். “இப்பத் தொறங்க. காத்து உள்ள போகாது. சீக்கிரம்.”

கதவு திறந்தது. அந்தக் குளிர் எங்கள் முழங்காலில் வந்து மோதியது. இரண்டு மாதமாக அதற்குத் தவம் கிடந்தவர்கள் நாங்கள். அன்று அது பட்டதும் ரோமம் எழுந்து, பின்னால் நகர்ந்தோம். இருட்டு. அவளும் தம்பியும் உள்ளே போனார்கள். அவள் கூப்பிடுவது கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. “புடிடா, காலைப் புடி” என்ற குரல்தான் வந்தது.

அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கதவு உடனே சாத்தப்பட்டது. இரண்டு காலிக் கோணிகளைக் கிழித்து உடம்பில் சுற்றியிருந்தான்; வேர்வைப் பனியன் பலகை போல விறைத்திருந்தது. உதடு நீலம். செருப்பு ஒன்று இல்லை; அதைக் கொண்டு கதவைத் தட்டித் தட்டி அது உடைந்துபோயிருந்தது. அந்தத் தட்டல் ஒரு முழ மரத்தூளுக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. கண் திறந்திருந்தது. ஆனால் எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

“வெயில்ல போடுங்க! கல்லு மேல!”

“நேரா வேண்டாம், சூடு தாங்காது. கோணி விரிச்சுப் போடு.”

தெருவின் நடுவில், கருங்கல் பதித்த இடத்தில், கோணி விரித்துக் கிடத்தினோம். நிழல் விழாதபடி எல்லோரும் விலகி நின்றோம். அவள் பனியனைக் கிழித்தெடுத்தாள். கொக்கியிலிருந்த துண்டை மார்பில் போர்த்தினாள். அந்தத் தெருவில் அன்றைக்கு வெயிலைக் கெஞ்சியவள் அவள் ஒருத்திதான். டீக்கடைக்காரர் சர்க்கரைத் தண்ணீரை வெதுவெதுப்பாகக் கொண்டுவந்தார். முதல் கரண்டி கடைவாயில் வழிந்துவிட்டது. இரண்டாவது உள்ளே போனது.

“ஏங்க. ஏதாவது பேசுங்க. எந்தப் பொய்யாவது சொல்லுங்க.”

அவன் பல் கிடுகிடுவென்று அடித்தது. அப்படி அடிப்பது நல்லது என்று யாரோ சொன்னார்கள். பேச்சு வரவில்லை.

தம்பி தள்ளி, கிடங்குச் சுவரோரம் குந்தியிருந்தான். கையிரண்டும் தலையில். “நான்தான், நான்தான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. கணக்குப்பிள்ளை போய் அவன் பக்கத்தில், அதே வெயிலில், அதே மாதிரி குந்தினார்.

டீக்கடைக்காரரின் போனில் குடைக்காரர் ஆஸ்பத்திரி வண்டியை முன்னாலேயே வரச் சொன்னார். மூன்றரைக்கு வந்தது. கணக்குப்பிள்ளை எழுந்து, திரை பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு பாரையும் தொட்டு எண்ணி ஏற்றினார். ஓரங்கள் கரைந்திருந்தன, ஆனால் எண்பதும் இருந்தன. குடைக்காரர் பின்னால் ஐஸோடு ஏறிக்கொண்டார். அவனைப் பின்னால் ஏற்றலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, பொத்தான்காரி பார்த்த பார்வையில் அவன் நகர்ந்துவிட்டான். முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புருஷனை மடியில் சாய்த்து உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது. அப்புறம் நடந்தது டிரைவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவள் அவன் வலது கைக் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல அழுத்தினாளாம்.

“இது தெரியுதா?”

ரொம்ப நேரம் கழித்து, “ம்.”

“ஒண்ணு. இது?”

“ம்.”

“ரெண்டு.”

ஒவ்வொரு விரலாக வந்தாள். வலது கை ஐந்து. இடது கையில் நாலாவது விரலுக்குப் பதில் வரவில்லை, வாயில் வைத்து ஊதி, திரும்பக் கேட்டாள், வந்தது. கை பத்து. குனிந்து வலது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அதில் ஐந்தும் வந்தன. செருப்பில்லாத இடது காலில் கட்டைவிரல் வந்தது. அடுத்தது வந்தது.

வண்டி ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது. டிரைவரால் பொறுக்க முடியவில்லை.

“எத்தனைம்மா ஆச்சு?”

“பதினேழு.”

“மிச்சம்?”

“மூணு வரணும்” என்றாள். அந்த மூன்றையும் உள்ளங்கைக்குள் சேர்த்து மூடிக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தாள்.